தகரவேலிக்குப் பின்னால் கூப்பிட்டவர்

கிறீச்… கிறீச்… என்று ஒரு கப்பி கத்துகிறது.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கார்க் கொட்டிலைத் துப்புரவாக்கி, அதற்குள் இரும்புக் குண்டும் படுத்துத் தூக்க ஒரு வாங்கும் கப்பியும் கயிறுமாய் ஒரு தேகப்பயிற்சி அறை செய்திருக்கிறார்கள். விடிந்ததும் தொடங்கிவிடும் சத்தம். நான் தேத்தண்ணியோடு யன்னலடியில் நிற்பேன். தேத்தண்ணி ஆறிவிடும். அந்தச் சத்தம் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், அறுபதுகளின் நடுவில், பெரும் புயல் அடித்து ஓய்ந்த அடுத்த ஆண்டில், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எங்கள் வாடகை வீட்டின் பின்விறாந்தையில் இறக்கிவிடும். அங்கே மழை இன்னும் விடவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ரீச்சர். கல்யாணம் கூடிவரவில்லை, அம்மாவும் நானுமாய் இருந்தோம். புயல் வந்த அன்று முன்கதவின் தாழ்ப்பாள் தெறித்துப்போக, நான் வலது தோளைக் கொடுத்துக் கதவை அணைத்துக்கொண்டு நின்றேன். அம்மா செபமாலையோடு மேசைக்குக் கீழே. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் என் தோள், நடுவில் ஒரு பழைய பலகைக் கதவு. கடைசியில் கதவு நிலையோடு பெயர்ந்து என்மேல் விழுந்தது.

எலும்பு பொருந்திவிட்டது. பிளாஸ்டரை வெட்டி எடுத்த பிறகுதான் கை தோளுக்கு மேலே போகாது என்று தெரிந்தது. மூட்டுப் பூட்டிக்கொண்டுவிட்டது என்றார் டொக்டர். சோறு பிசைய முடிந்தது. தலைமயிரைப் பின்ன முடியவில்லை. கரும்பலகையில் அடிவரி மட்டும்தான் என் வரி. கடைசி வாங்குப் பிள்ளைகள் முன்னுக்கிருப்பவர்களின் தலைகளுக்கிடையால் எழும்பி எழும்பிப் பார்த்தார்கள். பிறகு எழும்புவதையும் விட்டுவிட்டார்கள்.

மேலிடம் ஒரு தவணை கொடுத்தது. வருட நடுவில் மருத்துவச் சபை, ஊர்வாயில் ‘போட்’, என்னைப் பார்க்கும். கை எழும்பினால் வேலை. எழும்பாவிட்டால் கட்டாய ஓய்வு. ஓய்வு என்றால் கொழும்பில் அண்ணன் வீடு. அண்ணன் வீடு என்றால் அண்ணியின் குசினி. அந்தக் குசினியில் நான் என்னவாக இருப்பேன் என்று எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியாது.

பயிற்சி செய்தால் மூட்டு இளகும் என்றார்கள். அதற்கென்று அறை இருந்த பெரிய ஆஸ்பத்திரி வெளியூரில். ரயிலேறி ஒருமுறை போனேன். நீளமான மண்டபம். முறைக்குக் காத்திருக்கும் ஆட்கள். பயிற்சி கொடுப்பவர் என் கையைப் பிடித்து உயர்த்தியபோது சட்டை அக்குளில் கிழிந்தது. அந்தச் சத்தத்துக்கு எல்லாத் தலைகளும் திரும்பின. மறுபடி போகவில்லை. ஊரில் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் இளந்தாரிகள் பாரம் தூக்கும் இடமொன்று இருந்தது. அந்த ஒழுங்கையால் பெண்கள் நடந்துகூடப் போவதில்லை.

ஆகவே பின்விறாந்தை.

அம்மா கிணற்றுக் கப்பியைக் கழற்றித் தந்தாள். “இந்த வீட்டில ஒருத்தியின்ர கை எழும்பிறதுக்கு மற்றவளின்ர கை விழவேணும்போல” என்று சொல்லிக்கொண்டே தந்தாள். கூரை வளையில் கப்பியைக் கட்டி, கயிற்றின் இரண்டு நுனியிலும் தும்புத்தடித் துண்டுகளைக் கைபிடியாக முடிந்தோம். இடது கையால் ஒரு நுனியைக் கீழே இழுத்தால் மற்ற நுனியைப் பிடித்திருக்கும் வலது கை மேலே போகவேண்டும். பால்மாப் பேணியில் மணல் நிரப்பி, குனிந்து நின்று கோயில் மணி மாதிரி ஆட்ட ஒரு பாரம். விரல்களால் சுவரில் பல்லிபோல ஏற, ஏறிய இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு. அவ்வளவுதான் என் தேகப்பயிற்சிக் கூடம்.

வீட்டிலேயே பயிற்சி செய்வதால் என்ன நன்மை என்று எதிர்வீட்டார் என்னைக் கேட்டால் நான் நிறையச் சொல்வேன். முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பஸ் பிடிக்கத் தேவையில்லை. பழைய பாவாடை சட்டையோடு, தலை கலைந்தபடி நிற்கலாம். உலையை வைத்துவிட்டு நாலு இழுவை. கொதித்தால் இறக்கிவிட்டு மறுபடி. வலித்தால் முகத்தை எப்படியும் கோணலாம். அழலாம். சுவரைப் பார்த்துத் திட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரும் பார்க்கமாட்டார்கள். உடைந்த ஒன்றைத் திருத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை என்று நான் அன்று நம்பினேன். பாதி உண்மை அது. மறுபாதி வேலிக்கு அப்பால் படுத்திருந்தது.

வேலியைப் பற்றிச் சொல்லவேண்டும். புயலுக்குப் பிறகு ஊரில் தென்னை நிற்கவில்லை. தென்னை இல்லாததால் வேலி அடைக்க ஓலைக்கிடுகும் இல்லை. காற்று ஊரெல்லாம் பிய்த்தெறிந்த கூரைத் தகரங்களைப் பொறுக்கித்தான் எங்கள் ஒழுங்கையில் வேலி அடைத்தார்கள். எங்கள் பின்வேலியில் நீலமும் துருவும் கலந்த பல வீட்டுக் கூரைகள் நின்றன. ஒரு தகரத்தில் ஏதோ கடையின் அரைவாசிப் பெயர். மழை பெய்தால் ஊர் முழுவதும் ஒரே வேலியில் அழுவதுபோலக் கேட்கும்.

ஒருநாள் காலை அந்தத் தகரத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரிய குரல்; பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல.

“ரீச்சர், அந்தக் கப்பியைக் கொல்லுங்க. இல்லாட்டி என்னைக் கொல்லுங்க.”

நான் கயிற்றை விட்டுவிட்டேன். பேணி உருண்டு மணல் கொட்டியது.

“பயப்படாதீங்க. பக்கத்து வீட்டு ஆள்தான். காலமை காலமை ஒரு பூனையைக் கழுத்தை நெரிக்கிறீங்களே, அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடப்படாதா?”

ஆளைத் தெரியும். தோப்பூர்க்காரர், தங்கையோடும் தங்கை புருசனோடும் அந்த வீட்டில் இருந்தார். ஊர்த் தமிழர் முஸ்லிம் ஆண்களைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்றுதான் சொல்வேன். முன்பு விடியற்காலையில் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் மலைபோன்ற மனிதர். கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் கூட்டத்தில் அவர் ‘கூப்பிடுகிறவர்’. பாரமான ஒன்றைப் பத்துப் பேர் இழுக்கும்போது, அவர்களுடைய கைகளெல்லாம் ஒரே நொடியில் அசைய ஒருவர் பாடிக் கூப்பிடவேண்டும். அவர் கயிற்றைத் தொடமாட்டார். ஒரு கையை உயர்த்திப் பிடித்து அடியெடுத்துக் கொடுப்பார்; கூட்டம் ‘ஏலேலோ’ என்று வாங்கும்; கை கீழே இறங்கும்; பாரம் மேலே எழும்பும். அதுதான் வேலை. புயலுக்கு முந்திய வருடம் அவர் கப்பலின் அடித்தளத்துக்குள் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தோம். அதற்குப் பிறகு அவரை ஒழுங்கையில் ஒருவரும் காணவில்லை. வேலியோடு சேர்த்து இறக்கிய ஒரு கொட்டிலில் சாக்குக் கட்டிலில் கிடந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் அவருடைய தங்கை, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவள், படலையால் வந்தாள். சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றை விறாந்தையில் வைத்தாள். மரத்தால் செய்த கப்பல் கப்பி, தார் மணக்கும் கயிற்றோடு.

“காக்கா தந்தவர். இது கத்தாதாம். கிணத்துக் கப்பியைக் கிணத்துக்கே குடுக்கட்டாம்.”

அம்மாவுக்கு அந்த இரண்டாவது செய்தி பிடித்துக்கொண்டது.

மரக்கப்பி எண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. கை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நான் வகுப்பில் வாய்பாடு சொல்வதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இழுப்பேன். இரண்டு நாள் பொறுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் தகரத்தில் தடியால் தட்டினார்.

“எண்ணுறதை நிப்பாட்டுங்க ரீச்சர். நீங்க எண்ணுறது பாரத்துக்கும் கேக்கும். அது தயாராகிடும்.”

“எண்ணாமல் எப்பிடி நானா?”

“கயிறு பிடிக்கிறவர் எண்ணப்படாது. எண்ணுறது வேற ஆள்ட வேலை. பிடிங்க கயிறை.”

பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் குரல் மெல்ல எழும்பியது. வேலித் தகரங்கள் அதிர்ந்தன.

“கரும்பலகை உயரம் – ஏலேலோ
காக்கை ஒண்டு இருக்குது – ஏலேலோ
காக்கையைக் கலைக்கவே – ஏலேலோ
ரீச்சரின் கை வருகுது – ஏலேலோ”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிளாஸ்டர் வெட்டிய நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. சிரித்தபோது தோள் தன்னை மறந்தது. தும்புத்தடித் துண்டு என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அதுவரை அது மூக்கைத் தாண்டியதில்லை.

“வந்ததா?” என்றார்.

“வந்தது.”

“அது உங்கட கையில்லை. காக்கைக்குப் பயந்து வந்தது. நாளைக்கும் பார்ப்பம்.”

அப்படித்தான் தொடங்கியது. நான் பள்ளிக்குப் போகுமுன் கொஞ்சநேரம், வந்த பிறகு கொஞ்சநேரம். அவர் அடியெடுப்பார், நான் கூட்டத்தின் வாய், ஏலேலோ சொல்லவேண்டும். முதலில் வாய்க்குள் சொன்னேன். பிறகு கேட்கும்படி சொன்னேன். சொல்லும்போது பள்ளிக்கூடப் பழக்கம் போகாது. பிள்ளைகள் பாட்டை ஒப்புவிக்கும்போது கடைசி எழுத்தைத் தேர்வடம்போல இழுப்பார்களே, அதே மாதிரி ‘லோ…’ என்று இழுத்துவிடுவேன். உடனே தடி தகரத்தில் விழும்.

“இழுக்காதீங்க ரீச்சர். வெட்டுங்க. நீங்க இழுத்தா பாரம் அந்தரத்தில தொங்கும். தொங்கிற பாரம்தான் ஆளைக் கொல்லும்.”

“வாய்ப்பழக்கம் நானா.”

“பிள்ளைகளைக் கெடுத்த வாய். அதுக்குத்தான் கடவுள் கையைப் பூட்டினது.”

அம்மா குசினிக்குள்ளிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஆம்பிளை ஒருத்தன் கூப்பிட்டா எழும்பிற கை, நான் தேங்காய் திருவக் கூப்பிட்டா எழும்பாது” என்று சுவருக்குச் சொன்னாள். ஊர் என்ன கதைக்கும் என்று ஒரு கிழமை யோசித்தாள். பிறகு ஒருநாள் தகரத்துக்கடியில் மண் அரித்த இடைவெளியால் ஒரு கோப்பை தேத்தண்ணியைத் தள்ளிவிட்டாள்.

“நானா, சீனி காணுமோ?”

“சீனி காணும் அம்மா. தேயிலைதான் காணாது.”

“தேயிலை ஏற்றின கப்பலில வேலை செய்தவருக்கு வாய் நீளம்தான்” என்றாள் அம்மா. ஆனால் அடுத்தநாள் சாயம் கடுமையாக இருந்தது.

அந்த இடைவெளியில் கோப்பையை எடுக்க வரும் விரல்களை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். கயிறு தின்ற விரல்கள், நகமில்லாத பெருவிரல். வேலியைச் சுற்றி வந்து பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

“வேணாம் ரீச்சர். உங்கட கையை ஆரும் பார்க்கப்படாதெண்டு நீங்க வீட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சிருக்கிறீங்க. நானும் அப்பிடித்தான்.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவருடைய நியாயம் எனக்குப் புரிந்தது. என்னுடைய நியாயமும் அதுதானே.

விழுந்தது எப்படி என்று மட்டும் அவராகவே ஒரு பின்னேரம் சொன்னார். கப்பலுக்குப் புதிய இயந்திரம் வந்ததாம். பத்துப் பேர் தூக்குவதை அது ஒரு விசையில் தூக்கியதாம். அதற்குக் கூப்பிட ஆள் தேவையில்லை. நீ சும்மா நில் என்றார்களாம். “கூப்பிடாம எங்க நிக்கிறதெண்டு எனக்குத் தெரியல்ல ரீச்சர். விளிம்பில நிண்டிட்டன்.” அன்று மழை மெல்லிதாகப் பெய்துகொண்டிருந்தது. நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்சம் பொறுத்து, “என்ன, நித்திரையா? பிடிங்க” என்றார்.

சுவரில் கோடுகள் ஏறின. மழைக்காலம் போய் வறண்ட சோளகக் காற்று தொடங்கியது. துறைமுகம் வரவரக் காலியானது. குடாவின் தண்ணீரில் மலைகளின் நிழல் மட்டும் நங்கூரமிட்டுக் கிடந்தது. கோடுகள் என் நெற்றியைத் தாண்டி உச்சியை எட்டத் தொடங்கியபோது, அவருடைய பாட்டுச் சுருங்கியது. நாலடி இரண்டடியானது. பிறகு அடியே இல்லை. தடியால் தகரத்தில் தட்டல் மட்டும். மூன்று மெதுவாக, ஒன்று வெட்டாக. வெட்டு விழும்போது நான் இழுப்பேன்.

“என்ன நானா, பாட்டுக்குப் பஞ்சமோ?”

“தொண்டை கட்டிப்போச்சு. தகரத்துக்கு நல்ல தொண்டை.”

அவர்கள் வீட்டுக் கொடியில் துவைத்த விரிப்புகள் தினமும் காயத் தொடங்கியிருந்ததை நான் கண்டேன். வேலிக்கு மேலால் தெரியும். காற்றில் அடித்துக்கொள்ளும். பழைய சேலை, சாரம், கிழிந்த வெள்ளைத் துணி. கண்டேன், அவ்வளவுதான். என் கண் முழுவதும் சுவர்க்கோட்டில் இருந்தது.

மருத்துவச் சபைக்குப் போனேன். நீள மேசைக்குப் பின்னால் மூன்று டொக்டர்கள். கையை உயர்த்து என்றார்கள். உயர்த்தினேன். வீட்டில் உச்சியைத் தொட்ட கை அங்கே காதோடு நின்றுவிட்டது. அந்த அறையில் ஒரு சத்தமுமில்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. இன்னொருமுறை என்றார் நடுவிலிருந்தவர். பேனை கையிலிருந்தது. அண்ணியின் குசினிப் புகை மூக்கில் ஏறியது.

“ஐயா, நான் இந்த மேசையில தட்டலாமோ?” என்று கேட்டேன்.

அவர் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, தட்டும் என்றார். இடது கையால் மூன்று மெதுவாக, ஒன்று வெட்டாகத் தட்டினேன். கை எழும்பியது. முழுவதும் நேராக இல்லை. சற்றுச் சாய்ந்து, ஆனால் தலைக்கு மேலே. நடுவிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது ஆர் தந்த வைத்தியம்?”

“துறைமுகத்து வைத்தியம் ஐயா.”

வேலை நிலைத்தது.

வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் வேலியடிக்கு ஓடினேன். தகரத்தில் தட்டினேன். மறுபடி தட்டினேன். தங்கையின் குரல்தான் வந்தது, மெல்ல.

“காக்காவைத் தோப்பூருக்குக் கொண்டு போறம் ரீச்சர். நாளைக்கு லோஞ்சில. உம்மா கேக்கிறா.”

“ஏன், என்ன?”

“முதுகில புண். எலும்பு தெரியுது. இனிச் செய்ய ஒண்டுமில்லையாம், வீட்ட கொண்டு போங்க எண்டுட்டார் டொக்டர்.” பிறகு சொன்னாள்: “உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டவர். போட் முடியட்டுமெண்டவர்.”

நான் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் காய்ந்த தகரம் சுட்டது.

“நானா, போட் சரி. கை எழும்பினது.”

அந்தப் பக்கம் சாக்குக் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, காற்றில் பறக்கும் கடதாசிபோல ஒரு சத்தம்.

“ஆர் தட்டினது?”

“நான்தான். மேசையில.”

“பிடிக்கிறவரே தட்டினதா? களவு” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன். அது இருமலாய் முடிந்தது.

மறுநாள் காலை அம்மாவும் நானும் இறங்குதுறைக்குப் போனோம். வானம் ஈயப்பேணி நிறத்தில் இருந்தது. தோப்பூருக்கு வழியான மூதூருக்குக் குடாவைக் கடந்து போகும் மோட்டார் லோஞ்ச் மரத்துறையோடு மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தது. மீன்கூடைகள், நெல்மூட்டைகள், குடையோடு நாலைந்து பெண்கள். நடுவில் சாக்குக் கட்டில்.

அந்தக் கட்டிலில் ஒரு பெரிய மனிதரைத் தேடினேன். இத்தனை மாதமும் அந்தக் குரலின் அளவுக்கு ஒரு உடம்பை நான் என் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். கட்டிலில் கிடந்தவர் ஒரு பிள்ளையளவு இருந்தார். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். கைவிரல்களைப் பார்த்துத்தான் அவர் என்று அறிந்தேன். என் தோள் கொஞ்சம் கொஞ்சமாய் இளகிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஒரு தகரம் தள்ளி, இவர் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்துகொண்டிருந்திருக்கிறார். ஒருவரும் பார்க்காத வசதி இருவருக்கும் சமமாகத்தான் இருந்தது.

அவருடைய பழைய கூட்டத்திலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள், லோஞ்சில் ஏற்ற. நாலு மூலையிலும் பிடித்தார்கள். குனிந்தார்கள். அப்படியே நின்றார்கள்.

தங்கை புருசன், “தூக்குங்களன்” என்றார்.

அவர்கள் தூக்கவில்லை. நாலு பேரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் கூப்பிட்டுத்தான் அவர்கள் எந்தப் பாரத்தையும் தூக்கியிருக்கிறார்கள். அவர் இருக்க அவர்களில் ஒருவன் கூப்பிடுவது அவர்களிடம் இல்லாத வழக்கம். அவரும் வாயைத் திறந்தார். தொண்டையில் ஏதோ அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். ஒரு கை கட்டில் விளிம்பிலிருந்து கொஞ்சம் எழும்பி மறுபடி விழுந்தது. லோஞ்ச்காரன் மணியை அடித்தான். நாலு ஆண்களும் குனிந்த முதுகோடு, நிமிரவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் நின்றார்கள். ஒருவனுடைய கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

அந்த இறங்குதுறையில் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் நின்றார்கள். எங்கள் கோயில் ஆட்களும் நின்றார்கள். நான் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் நின்றேன்.

“கரும்பலகை உயரம்” என்று கூப்பிட்டேன்.

நாலு பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். இப்படியொரு அடியை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் கைகளுக்குத் தெரிந்திருந்தது. “ஏலேலோ” என்றன நாலு தொண்டைகள்.

“காக்கை ஒண்டு இருக்குது…”

“ஏலேலோ.”

கட்டில் எழும்பியது. ஒரு பக்கமும் சாயவில்லை. தண்ணீரில் மிதப்பதுபோல எழும்பி, துறையின் விளிம்பைத் தாண்டி, ஆடிக்கொண்டிருந்த லோஞ்சுக்குள் மெதுவாய் இறங்கியது. கடைசி அடியைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா செபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். படலையைத் திறக்கும்போதுதான் கேட்டாள்: “கூப்பிடேக்க உன்ர கை நேராய் மேல போய் நிண்டது, கண்டனியோ பிள்ளை?” காணவில்லை. நான் கையை உயர்த்தியதே எனக்குத் தெரியாது.

சில கிழமைக்குப் பிறகு, தகரத்துக்கு அப்பாலிருந்து தங்கை செய்தி சொன்னாள். அம்மா அன்று தேத்தண்ணி வைத்தாள். பழக்கதோஷத்தில் ஒரு கோப்பை கூட. அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டும்வரை விறாந்தை விளிம்பில் வைத்திருந்தோம்.

ஓய்வு பெறும்வரை கரும்பலகையின் மேல்வரியில் எழுதினேன். எதிர்வீட்டுக் கப்பி கத்தும்போதெல்லாம், போய் எண்ணெய் கொடுக்கவா, வேலிக்கு அப்பால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லவா என்று நினைப்பேன்; யன்னலை விட்டு உள்ளே வந்துவிடுவேன். வீட்டுக்குள் தனியாக எழும்பிய கை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்பதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? வகுப்பு முடியும்போதெல்லாம் முடிக்கத் தெரியாமல் தடுமாறினேன்; வாசலில் ஒருவரை அனுப்பும்போதும், சவவீட்டில் எழும்பும்போதும் இன்னும் தடுமாறுகிறேன். பழைய வாய்ப்பழக்கம்.

அன்று லோஞ்சின் கட்டுக்கயிற்றை அவிழ்த்தபோது நான் துறை விளிம்பில் குந்தியிருந்தேன். அவர் கண்ணால் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன். தாரும் மருந்தும் மணத்தன. தண்ணீர் இடைவெளி அகலத் தொடங்கியிருந்தது.

“நல்லாத்தான் கூப்பிட்டீங்க ரீச்சர்” என்றார். “கடைசிச் சொல்லைத்தான் இழுத்துப் போட்டீங்க. வெட்டுங்க.”